சதாசிவம் கழற்றிய ஆல்டர்னேட்டர்

சதாசிவம் போய்விட்டார் என்று கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான் மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். என் மனைவி அழுதாள். பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதான். நான் போனால் இதில் பாதிக் கண்ணீராவது தேறுமா என்று யோசித்தேன். தேறாது.

டில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்களோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்: எதிர் பிளாக்கில் அவர் குடிவரும் வரை கார் விஷயத்தில் காலனிக்கு நானே சக்கரவர்த்தி. பானெட்டைத் திறந்து நான் "ம்ம்" என்றால் குதுப்மினாரே கொஞ்சம் குனிந்து எட்டிப் பார்க்கும். வண்டி சரியானதா என்று மட்டும் கேட்காதீர்கள். கும்பகோணத்து மனிதர் வந்தார், ராஜ்ஜியம் பறிபோனது.

தொண்ணூறுகளில் ஒரு ஜனவரி. என் கார் தினமும் காலையில் செத்துக் கிடந்தது. "பேட்டரியைத் திட்டாதேயும் ஓய், அதுக்குச் சோறு போடற ஆல்டர்னேட்டர்தான் பட்டினி போடறது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போர்வையை விரித்து, காலனியே சுற்றி நிற்க, அதைக் கழற்றினார். மூடியும் உடலும் சேரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே, "கழட்டறதுக்குக் கை போதும். மாட்டறதுக்கு ஞாபகம் வேணும்" என்றார். கூட்டம் உருகியது. கார் என்னுடையது, கூட்டம் அவருடையது!

உள்ளே, சுழலும் தண்டைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. புதிய பிரஷ்களை ஸ்பிரிங் வெளியே தள்ளும். அவற்றை உள்ளே அழுத்தி, பின்பக்கத் துளை வழியே மெல்லிய கம்பியால் தடுத்து நிறுத்தினால்தான் மூட முடியும். மூடியதும் கம்பியை உருவிவிட வேண்டும். கம்பி கேட்டார். என் மனைவி கூந்தலிலிருந்து கொண்டை ஊசியை உருவி, "இந்தாங்கண்ணே" என்று நீட்டினாள். எனக்கு இவள் ஒரு குண்டூசி தேடிக் கொடுத்ததில்லை!

மாட்டினார். தள்ளி ஸ்டார்ட் செய்தோம். சார்ஜ் காட்டும் முள் அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன். ஆகா!

"வே சதாசிவம்! ஊசியை உருவ மறந்துட்டீரே வே!" என் குரல் லாகூர் வரை கேட்டிருக்கும்.

இன்ஜினை நிறுத்தி ஊசியை உருவினார். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் முள் துள்ளியது. அவர் வெட்கப்படுவார் என்று காத்திருந்தேன். கிரீஸ் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தேளா, நான் கோட்டை விட்டேன், இவர் பிடிச்சார்!" என்று கூவினார். ஆபீஸ் பஸ்ஸில் சொன்னார். பஸ் ஏறி மந்திர் மார்க் வரை போய்ச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் "எவ்வளவு பெரிய மனசு!" என்று அவரையே கொண்டாடினார்கள். தப்புச் செய்தும் பேர் வாங்கிய மனிதரை என்ன செய்வது?

"நீங்க மறந்திருந்தா ஒத்துக்கிடுவீகளா?" என்றாள் மனைவி. பத்து ஆண்டுகளாகப் பதில் யோசிக்கிறேன்.

அதற்குப் பின் எந்தக் கல்யாணத்திலும் என் தோளில் கைபோட்டு அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் பந்தியில் உட்கார்ந்ததில்லை. பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் அவர் மகனின் நண்பர்களிடம் நானே சொன்னேன். "அச்சா அங்கிள்" என்று சிரித்துவிட்டு இலை பார்த்துப் போய்விட்டார்கள்; ஒருவனும் நம்பவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவரை வென்ற அந்த ஒரு வெற்றிதான். பாவி மனிதர், அதைச் சொல்லவும் அவரே வேண்டியிருக்கிறது.