என் கணினிக்கு மட்டும் தெரிந்த பெயர்

தொண்ணூற்றொன்பதில் காந்திபுரத்தில் ஒரு சின்ன ஆபீசில் வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். பல்லடத்துத் தறிக்காரர் ஒருவர் தன் கம்பெனிக்கு ஒன்று கேட்டிருந்தார். வெப்சைட் இன்னும் என் கணினிக்குள் மட்டுமே இருந்ததால், அவருக்குக் காட்டும்போது முகவரியில் 'இதே கணினி' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்றும் 8080 என்றும் நிற்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது. போர்ட் எண்ணை எண்பதாக்கினேன்; முகவரியில் எண் காட்டவேண்டிய தேவை போயிற்று. அவர் கம்பெனிப் பெயரை அடித்தால் என் கணினியே பதில் சொல்லும்படி, அதற்குள்ளேயே பெயர்களைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதினேன். வெளியே வேறெந்தக் கணினிக்கும் அந்தப் பெயர் தெரியாது. அதை நாங்கள் இன்னும் பதிவுகூடச் செய்யவில்லை.

அவரே பெயரை அடித்தார். அவருடைய துணிகள் திரையில் வந்தன.

"இத வெளிநாட்டுலயும் பாக்கலாமுங்களா அம்மணி?"

"ஆமாங்க" என்றேன். புத்தி கெட்டவள். அந்த முகத்தின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அன்றைக்கே அவர் வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு முகவரியை ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். அப்படியொரு முகவரியே இல்லை, உங்களை நம்ப முடியாது என்று பதில் வந்தது. கிடைக்கவிருந்த ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

அந்த ஃபேக்ஸ் தாளோடு வந்த தறிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"இன்னொருக்கா தொறங்க அம்மணி, பாத்துப்போட்டுப் போறேன்" என்றார்.

அடித்தேன். உடனே திறந்தது.