விழுப்புரம் ஜங்ஷனில் வாசகர் கடிதம்

விழுப்புரம் ஜங்ஷன் புத்தகக் கடை முன்னால் ஆறு பேர் முண்டியடிக்கிறார்கள். ஒருவர் காக்கிச் சட்டைத் தபால்காரர். மற்றவர்களும் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள்தான். மெட்ராஸிலிருந்து வந்திறங்கிய காமிக்ஸ் கட்டைக் கடைக்காரர் அவிழ்க்கிறார். என் பாண்டிச்சேரி ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. நானும் நுழைந்து ஒன்று வாங்குகிறேன். ஆபீசில் பொம்மைப் புத்தகம் என்று சிரிப்பார்கள். அதனால் அங்கே பேப்பருக்குள் மறைத்துத்தான் படிப்பேன். இங்கே யாரும் மறைக்கவில்லை.

யாரும் நேராகக் கதைக்குப் போகவில்லை. எல்லாரும் காத்திருக்க, தபால்காரர் முதலில் வாசகர் கடிதங்களை உரக்கப் படிக்கிறார்.

"திருக்கோவிலூர் மணிவண்ணனாம். வில்லன ஏன் சாகடிச்சீங்கன்னு சண்ட போட்டுக்கினு இருக்கான்பா."

எனக்குக் காது சூடாகிறது. "அது நான்தாங்க."

ஆறு பேரும் திரும்புகிறார்கள். தபால்காரர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி பெஞ்சுக்கடியில் தள்ளுகிறார்.

"பேரு வந்தா எல்லாருக்கும் டீ சொல்லணும், இங்க அதாங்க வழக்கம். ஆனா அந்த வில்லன் செத்தது சரிதான். உக்காருங்க, பேசலாம்."

பாண்டிச்சேரி வண்டி ஊதிக்கொண்டு கிளம்புகிறது. நான் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு, "அவன் செத்திருக்கவே கூடாதுங்க" என்று ஆரம்பிக்கிறேன்.