முருகனுக்கு விட்ட வேர்க்கடலை

என் பொண்ணு நாலு வயசுல கப்பல் ஏறுனா. அந்தமான்ல அவங்கப்பாவுக்கு வேலை, துறைமுகத்துல பிட்டர். ரெண்டு வருஷமா லெட்டர்தான் வந்துகினு இருந்துச்சு. அப்புறம் குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க, புள்ளைய இட்டுகினு வான்னு எழுதிட்டாரு. எழுதறது சுலபம். மெட்ராஸ்லேர்ந்து நாலு நாள், யாரோ ஆக்குற சோத்த நம்பி அந்தப் புள்ளைய எப்படி இட்டுகினு போறதுன்னு அவருக்கு இன்னா கவலை?

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாதுன்னா வயித்தால போறதோ, சொறி வர்றதோ இல்ல. ஒரே ஒரு பருப்பு உள்ள போனாலும் உதடு வீங்கும், உடம்பு பூரா தடிச்சுக்கும், மூச்சு இழுக்கும், கண்ணு சொருகிக்கும். ஒண்ணரை வயசுல மொத தடவை வந்தப்ப, கண்ணுல படாத பூச்சி ஏதோ கடிச்சுகீது, காணாக்கடின்னு சொல்லி வேப்பிலை அடிச்சாங்க. ரெண்டாந்தடவை காஞ்சிபுரத்துக்குத் தூக்கிகினு ஓடுனேன். அங்க ஒரு டாக்டர்தான் அலர்ஜின்னு சொன்னாரு. வேர்க்கடலை, கடலெண்ணெய் ரெண்டும் கிட்டயே வரக்கூடாது, அடுத்த வாட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் உசுரு தாங்காதும்மான்னு சொன்னாரு.

எங்க ஊரு ஒரகடத்துப் பக்கம். அப்ப அங்க கம்பெனியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஏரித் தண்ணி எட்டாத மேட்டு நெலம் பூரா வேர்க்கடலைதான். வூட்டுக்குள்ள கால் வெக்க எடமில்லாம மூட்டை. குழம்பு கடலெண்ணெயில, சட்னி வேர்க்கடலையில, புள்ளைங்க அழுதா கையில குடுக்கறதும் அதுதான். அந்த வூட்டுல ஒரு புள்ளைக்கு அது விஷம்னு சொன்னா எவன் நம்புவான்?

என் நாத்தனா நம்பல. வூட்டுக்காரருக்கு அக்கா, எங்களோடவே இருந்தவ. வேர்க்கடலை வெளையற வூட்டுல பொறந்துட்டு வேர்க்கடலை ஆகாதாம், பெத்தவ ரொம்பத்தான் அலட்டிக்கிறான்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சா. கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்னு, நான் களை எடுக்கப் போன நேரமா பாத்து, மோர்சோத்துல பொடி பண்ணிப் போட்டு ஊட்டிட்டா. புள்ள பொழைச்சது மறுபொழப்பு. அதுக்கப்புறமும் அவ வாயில வந்தது, சளி கட்டிகினு இருந்துச்சுன்னுதான். அவள அங்கயே அறைஞ்சிருக்கணும். அறையல, அதுக்கு இன்னிக்கும் கை அரிக்குது.

அன்னிக்குத்தான் அந்தப் பொய்ய சொன்னேன். புள்ள கண்ணு தொறந்ததும் எல்லார் முன்னாடியும் கற்பூரம் ஏத்துனேன். குன்றத்தூர் முருகனுக்கு நேந்துக்கினேன், இவளுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் வேர்க்கடலையும் கடலெண்ணெயும் விட்டுட்டோம், யார் குடுத்தாலும் சாமி குத்தம்னு சொன்னேன். அவ்ளோதான். டாக்டர் சொன்னப்ப சிரிச்ச நாத்தனா அன்னிக்கு சாயங்காலமே தனி சட்டி வாங்கிகினு வந்தா. வூட்டுக்காரருக்கும் நேர்த்தின்னுதான் எழுதுனேன். அவரும் அந்த அக்காவுக்குத் தம்பிதானே.

கப்பலுக்கும் அந்தப் பொய்யதான் எடுத்துகினு போனேன். ரெண்டு நாளைக்கு நல்லெண்ணெயில புளிசோறு, அப்புறம் அவல், சர்க்கரை, பருப்புப் பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். என் அண்ணன் ஹார்பர் வரைக்கும் வந்து ஏத்தி வுட்டாரு. கீழ்த்தளத்துல ரயில் பெட்டி மாதிரி மேலயும் கீழயும் பலகைப் படுக்கை. சோத்துக்கு கூப்பன். போன மொத வேலையா சமையல்காரர்கிட்ட நின்னேன். பண்டாரின்னு கூப்புடுவாங்க, அரைகொறை தமிழ். ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டி, இதுல இன்னா போட்டுகீது, அதுல இன்னா போட்டுகீதுன்னு கேட்டேன். மனுஷன் கடுப்பாயிட்டாரு. முருகனுக்கு நேந்துகினதுன்னு சொன்னதும் கன்னத்துல போட்டுகினு, அவளுக்குன்னு ஒரு கரண்டிய தனியா கழுவி ஆணியில மாட்டுனாரு.

புள்ள கடலப் பாத்துட்டு, இது செம்பரம்பாக்கம் ஏரிய வுட பெருசான்னு கேட்டா. எனக்கு எங்க கடல் பாக்க நேரம்? பக்கத்துல உக்காந்து யார் எதைக் கொறிக்கிறான்னு பாத்துகினே நாலு நாள் கழிச்சேன். பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டா புள்ளைய இழுத்து மடியில வெச்சுக்குவேன்.

எதிர் படுக்கையில மதுரைப் பக்கத்து அம்மா ஒருத்தங்க. அறுபது வயசு இருக்கும், நெத்தி நெறைய விபூதி, மகன பாக்கப் போறாங்க. நேர்த்திக் கதையக் கேட்டதும் புள்ள மேல உசுராயிட்டாங்க. சாமி புள்ள, சாமி புள்ளன்னு தலை வாரி வுடுவாங்க, மடியில போட்டுத் தூங்க வெப்பாங்க. எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. நல்ல மனுஷி. அதையும் சொல்லணும் இல்ல?

மூணாம் நாள் கிருத்திகை. அந்தம்மா சின்ன முருகன் படம் ஒண்ண படுக்கையில சாத்தி வெச்சு, பூவுக்கு பதிலா குங்குமம் வெச்சு பூஜை பண்ணாங்க. மகனுக்குன்னு கொண்டு வந்த பண்டத்துல ஒரு படி எடுத்து பண்டாரிகிட்ட குடுத்து வேக வெச்சு சுண்டல் பண்ணியிருக்காங்க. எனக்கு அது தெரியாது. சாயங்காலம் நல்ல தண்ணி ஒரு மணி நேரம்தான் வுடுவாங்க. புள்ளைய அவங்ககிட்ட வுட்டுட்டு நான் குடத்தோட வரிசையில நின்னேன்.

திரும்பி வந்தப்ப புள்ள கழுத்தப் புடிச்சுகினு வாந்தி எடுத்துகினு இருந்தா. உதடு ரெண்டும் வீங்கி மூஞ்சியே வேற யாரோ மாதிரி. கீழ இலைத் துண்டுல வேர்க்கடலை சுண்டல். குடத்த அங்கயே போட்டேன். அவளத் தோள்ல போட்டுகினு இரும்புப் படி ஏறுனது ஞாபகம் இருக்கு, முழங்கால் ரெண்டும் இடிச்சு ரத்தம் வந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது. கப்பல் டாக்டர் ஊசி மேல ஊசி போட்டாரு. எவ்ளோ நேரம்னு சொல்லத் தெரியல. ஒரு கட்டத்துல அவ நெஞ்சு ஏறவேயில்ல. நான் எந்த சாமியையும் கூப்புடல, அந்த ஊசியத்தான் பாத்துகினு இருந்தேன்.

பொழைச்சுகினா. டாக்டர் ஓய்ஞ்சு போய் உக்காந்தப்பறம் அந்தம்மா வாசல்ல வந்து நின்னாங்க. அழுதுகினே சொன்னாங்க.

"அவனுக்கு விட்ட பண்டம், அவன் பிரசாதமா வந்தா வாங்கிக்கிடலாம்னு நெனச்சுட்டேன் தாயி. அவனுக்கே பொறுக்கல. என்னால சாமி குத்தம் ஆயிப்போச்சே."

அவங்க நெனச்சது அவங்க வழக்கத்துல சரிதான். சாமிக்காக விட்டத சாமியே திருப்பிக் குடுத்தா தோஷம் இல்ல. நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கை இலைகிட்டயே போயிருக்காது. நாத்தனா மாதிரி ஆளுங்களுக்குன்னு சொன்ன பொய்ய, நல்ல மனுஷிகிட்டயும் சொல்லி வெச்சது நான்.

அப்ப சொல்லியிருக்கணும். சாமியும் இல்ல குத்தமும் இல்லம்மா, இது வியாதின்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆவும்? நான் சொல்லல. சொன்னா கப்பல்ல ஒருத்தன் வுடாம புள்ளைக்கு ஊட்டிப் பாப்பான்னு பயம். அது பாதிதான். அந்தம்மா அழுவறதப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு. இத்தன நாள்ல மொத தடவையா என் பயத்துக்கு வேற ஒருத்தர் அழுதாங்க. அழட்டும்னு வுட்டுட்டேன். குத்தம் கழிய பழனிக்கு ஊர்லேர்ந்து நடந்தே வரேன்னு வேண்டிகினாங்க, அறுபது வயசுல. அதையும் கேட்டுகினு சும்மா நின்னேன். நடந்தாங்களா, வழியில வுழுந்தாங்களா, எனக்குத் தெரியாது.

கரை எறங்கறதுக்குள்ள அந்தக் கதை எங்களுக்கு முன்னாடி எறங்கிடுச்சு. நேர்த்தி மீறுனா முருகன் மூச்ச நிறுத்திடுவான்னு குவார்ட்டர்ஸ் பூரா பேச்சு. அதுக்கப்புறம் ஒருத்தர் கை நீட்டல. பதினஞ்சு வருஷம் அந்தப் பயத்துல அவள வளத்தேன். ஊருக்குத் திரும்பி வந்தப்பறம் மாசா மாசம் கிருத்திகைக்கு அவ பட்டினி இருந்து குன்றத்தூர் மலை ஏறுவா. நான் சொல்லிக் குடுத்ததில்ல, அவளாவே ஆரம்பிச்சா. சாமி தன்ன கேட்டு வாங்கிகினாருன்னு அவளுக்கு ஒரு பெருமை. வுட்டுட்டேன்.

பத்தொம்போது வயசுல ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரு எடம் வந்துச்சு. பையனுக்கு நல்ல வேலை, பொண்ணுக்கும் புடிச்சுது. கப்பல் கதை கேட்டு அவங்களுக்கு ஏக சந்தோஷம், சாமி புள்ள வூட்டுக்கு வர்றான்னு. தாலி கட்டறதுக்கு முன்னால சந்நிதியில நேர்த்திய முடிச்சுடலாம், மாமியாரே தன் கையால ஒரு புடி வேர்க்கடலை ஊட்டி வுடுவாங்கன்னு பேசுனாங்க. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. அவளும் ஆட்டுனா.

நான் எழுந்து நின்னு சொல்லிட்டேன். நேர்த்தி இல்ல, எப்பவும் இருந்ததில்ல, அது வியாதி, ஒரு பருப்பு போனா செத்துடுவான்னு. மாப்பிள்ளையோட அம்மா கொண்டாந்த தாம்பாளத்த திருப்பி எடுத்துகினாங்க. சீக்காளிய சாமி பேர சொல்லித் தள்ளி வுடப் பாத்தீங்களேன்னு ஒரே வார்த்தை. என் வூட்டுக்காரரு என்னைப் பாக்கவேயில்ல. நாத்தனாதான் பாத்துகினே இருந்தா.

எல்லாரும் போனப்பறம் பொண்ணு என் முன்னால வந்து உக்காந்தா. அழல.

"அப்ப இத்தன வருஷம் நான் யாருக்கும்மா மலை ஏறுனேன்?"

 

அவ உசுரோட கீறா. அதுக்காகத்தான் அத்தனையும் பண்ணேன், அது நடந்துச்சு. மலைக்கு மட்டும் அதுக்கப்புறம் போவல. என் வூட்டுலதான் சாப்புடறா. ஆனா இன்னிக்கு வரைக்கும், நான் சோத்த போட்டு தட்ட முன்னால வெச்சா, கைய மடியில வெச்சுகினு, இதுல இன்னா போட்டுகீதுன்னு கேட்டுட்டுத்தான் தொடறா.