தஸ்லிமாவின் வாரண்டி

சல்மான் ஃபாரிஸ் தன் வீட்டுப் பின்னறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று செருமுகிறார். உள்ளே மானிட்டரை அணைக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, பிறகுதான் திரைச்சீலையை விலக்குகிறார். மனைவி இருக்கும் அறைக்குள் போக இத்தனை மரியாதை காட்டும் மனிதர் மேலப்பாளையத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் அவருக்கும் பொறுக்கவில்லை. "எம் பொண்டாட்டி ரூமுக்கு நான் கனைச்சிட்டு வரணுமாக்கும்," என்று கேட்டுப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இருக்கது உங்க பொண்டாட்டி இல்லல்லா மச்சான்," என்றாள் தஸ்லிமா. ஜங்ஷனில் செருப்புக் கடை வைத்து நாளெல்லாம் பேரம் பேசுகிறவர் இந்தப் பேரத்தில் தோற்றுப்போனார். செருமல் நிலைத்துவிட்டது.

தஸ்லிமாவின் தொழில் கல்யாண ஆல்பம் செய்வது. அதிலும் பெண்கள் பக்கத்து ஆல்பம் மட்டும். ருக்சானா என்ற பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டின் உள்கூடத்துக்குப் போவாள். அங்கே ஆண் வாடையே கிடையாது என்ற தைரியத்தில் முக்காட்டை எடுத்துப் போட்டுவிட்டு, பூவும் நகையுமாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்களைப் படம் எடுப்பாள். அந்தப் படங்களைத் திருத்தி, அடுக்கி, பக்கம் பக்கமாக அமைப்பது தஸ்லிமா. அச்சிடுவதும் கோயம்புத்தூரில் பெண்களே நடத்தும் ஒரு லேபில்தான். கூரியரை நம்ப மாட்டார்கள். ருக்சானாவே கையோடு கொண்டுபோய்க் கையோடு வாங்கி வருவாள். "ஆம்பளக் கண்ணு படாதுல்லா?" என்று கேட்காத மணப்பெண்ணின் தாய் இல்லை. தஸ்லிமா ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொல்வாள். "இது அமானிதம் மாமி. நம்பிக் குடுத்த பொருளு. நான் மவுத்தாகிக் கண்ண மூடுத வரைக்கும் யார் கண்ணுலயும் படாது."

சொல்வது எளிது. சொன்ன நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

வேலை நடக்கும்போது இன்டர்நெட் வயரைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் சுற்றிவிடுவாள். செல்போனுக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. அது அடுக்களையில் மாவு டின்மேல் கிடந்து கத்திக்கொண்டிருக்கும். ஃபோல்டர்களுக்கு மணப்பெண்களின் பெயரை வைக்க மாட்டாள். யாராவது எட்டிப் பார்த்தாலும் இன்னார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியக்கூடாதாம். அதனால் அவரைக்காய், கத்திரிக்காய், சுரைக்காய், புடலங்காய் என்று பெயரிட்டிருக்கிறாள். எந்தக் காய் எந்த வீடு என்பது அவள் மனசுக்குள் மட்டும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெரிய பயம் பென்டிரைவ். நகம் அளவுக்கு இருக்கிற சாமான். எங்கே விழுந்தது, யார் எடுத்தார்கள் என்று எப்படித் தெரியும்? கோயம்புத்தூர் போய் வரும் பென்டிரைவை, ருக்சானா வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னே வாங்கி அழித்துவிடுவாள். "காப்பி ஒண்ணு தனியா எடுத்து வச்சுக்கோங்க லாத்தா, எல்லாரும் அப்பிடித்தான் செய்யுதாங்க," என்று ருக்சானா பலமுறை சொல்லிவிட்டாள். "இன்னொரு காப்பி இருந்தா இன்னொருத்தரு பாக்க வழி ஆயிரும்டி. ஒரே இடத்துல இருந்தாத்தான் காவலு," என்பாள் தஸ்லிமா. ஆகவே இத்தனை வருடத்துக் கல்யாணங்களும் மேசைக்கடியில் இருக்கும் அந்தச் சிபியூவுக்குள், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன.

அதனால்தான் அந்தச் சிபியூவை அவள் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டாள். மூன்று வருட வாரண்டியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. பின்பக்கத்துத் திருகாணிமேல், 'கிழித்தால் வாரண்டி செல்லாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு சீல் ஒட்டியிருக்கிறது. பல்லி உரசிக் கிழித்துவிடுமோ என்று அதன்மேல் கண்ணாடி டேப் ஒட்டினாள். விளக்குமாறு அந்தப் பக்கம் போகாது. வந்த அட்டைப்பெட்டி, தெர்மோகோல் துண்டு ஒன்றுகூடக் குறையாமல் பரணில் இருக்கிறது. பில் மங்கிவிடக் கூடாது என்று லேமினேஷன் செய்யக் கொடுத்தாள். சூட்டால் எழுத்துப் பதியும் அந்த பில் தாள், லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கறுத்து, ஓர் எழுத்தில்லாமல் கரும்பலகையாக வந்து சேர்ந்தது. அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அந்தக் கறுத்த தாளையும் பீரோவில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள்.

இந்த வருடம் ருக்சானா புது கேமரா வாங்கினாள். படங்களின் எடை கூடியது, பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு பக்கம் திறக்குமுன் உலையில் அரிசி வெந்துவிடும். பாதியில் திரை உறைந்து நின்றால், செய்த வேலை போய் மறுபடி முதலிலிருந்து. "ரேம் கூட்டணும் லாத்தா. டிஸ்க்கையும் எஸ்எஸ்டியா மாத்திட்டா பறக்கும். நமக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், தொறந்து போட்டுருவான்," என்றாள் ருக்சானா. தஸ்லிமா கணக்குப் போட்டாள். தெரிந்த பையன் திறந்தால் வாரண்டி போகும். சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனாலோ, ராத்திரி முழுக்க அது அங்கே கிடக்கும்; யார் யார் பார்ப்பார்களோ. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் சிபியூவுக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

ருக்சானா காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தாள். "டிஸ்க்கு போகப் போவுது லாத்தா." அதைக் கேட்டதும் தஸ்லிமாவுக்கு நினைவு வந்தது வெண்டைக்காய்தான். அது சபீதா என்ற பெண்ணின் கல்யாணம். சபீதாவின் உம்மா ஆயுசில் போட்டோவுக்கு நிற்காதவர். மகள் கல்யாணத்தன்று, எல்லோரும் பிடித்து இழுத்ததில், ஒரே ஒரு தடவை நின்று சிரித்தார். ஆல்பத்தில் மட்டும் அதைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போன ஆடியில் அவர் மவுத்தாகிவிட்டார். ஷார்ஜாவில் இருக்கும் சபீதா, ஊருக்கு வரும்போது அந்தப் படத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். அந்த முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. டிஸ்க் செத்தால் அதுவும் போயிற்று. தஸ்லிமா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

சல்மான் கம்பெனிக்குப் போன் போட்டார். தஸ்லிமா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கேள்வியாக அவர் காதில் ஓதினாள். காலி இடத்தில் ரேம் சேர்ப்பதாலோ, கூடுதலாக ஒரு டிஸ்க் மாட்டுவதாலோ வாரண்டி போகாது என்று அந்தப் பக்கத்துப் பெண் சொன்னாள். பொருத்தமான ரேமாக இருக்க வேண்டும்; கழற்றுகிற பழைய பாகத்தை வைத்திருக்க வேண்டும்; மாட்டும்போது கை தவறி எதையாவது உடைத்தால் அது மட்டும் உங்கள் பொறுப்பு. கெட்டுப்போகிற டிஸ்க்குக்குப் பதில் புதுசு, அதுவும் பெரியது, வாரண்டியில் இலவசமாக வரும். சீல்? "நாங்க சீல் ஒட்டுறதே இல்லையே சார்," என்றாள் அவள். தஸ்லிமா நம்பவில்லை. "அது பாட்டுக்குச் சொல்லும். உடைஞ்சா வந்து நிக்கப் போறது அந்தப் புள்ளயா? கம்பெனி ஆளே வந்து நம்ம வீட்டுல வச்சு, எங் கண்ணு முன்னால போடட்டும்."

கம்பெனி ஆள் குமரவேல். காலையில் வருவதாகச் சொன்னவர் திசையன்விளையில் வேறொரு வேலை இழுத்துவிட்டதால் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். அதுவரை தஸ்லிமா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். மானிட்டர்மேல் ஒரு பெரிய துண்டைப் போர்த்தினாள். கணவரைக் கடைக்குப் போகவிடாமல் காவலுக்கு உட்கார்த்திவைத்தாள்.

குமரவேல் சிபியூவைத் திருப்பினார். டேப்பும் சீலும் சேர்ந்து நகத்தின் ஒரே இழுப்பில் வந்துவிட்டன. தஸ்லிமா குனிந்து திருகாணியைப் பார்த்தாள். "இது கடைக்காரரு ஒட்டுனதுக்கா. இதுக்கும் எங்க வாரண்டிக்கும் சம்பந்தமே கெடையாது," என்றார் குமரவேல். இரண்டு வருடம் பல்லியை விரட்டிக் காத்த சீல், அவர் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அவர் பிளக்கைப் பிடுங்கினார், பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தினார், பிறகு இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"என்ன தம்பி செய்யுதிய?"

"உடம்புல கரண்டு இருக்கும்லாக்கா. அது எறங்கணும். இல்லன்னா ரேமு போயிரும்."

தஸ்லிமாவும் உடனே இரும்பைத் தொட்டாள். எதையும் எடுத்து மாட்டப் போகிறவள் அவளில்லை. ஆனாலும் சல்மானையும் தொடச் சொன்னாள். அவரும் எழுந்து வந்து தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ரேம் ஒரு சின்ன சத்தத்தோடு பள்ளத்தில் உட்கார்ந்தது. அவர்கள் வாங்கி வைத்திருந்த சின்ன எஸ்எஸ்டி டிஸ்க்கையும் மாட்டினார். இனிப் பழைய டிஸ்க்கில் இருப்பதை இதற்கு மாற்ற வேண்டும். "துண்ட எடுத்தாத்தான்க்கா நான் எதையாவது பாக்க முடியும்," என்றார். எடுத்தாள். திரையில் காய்கறிகளின் பெயர் வரிசையாக ஓடியது. குமரவேல் சல்மானைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பாய், உழவர் சந்தை கணக்கா?" சல்மான் கஷ்டப்பட்டுச் சிரித்துவைத்தார்.

அவரைக்காய் புது டிஸ்க்குக்கு ஏறியது. கத்திரிக்காயின் நடுவில் டிஸ்க் டக் என்றது. வரிசை நின்றது, மறுபடி நகர்ந்தது. கடைசி வரியில் இருந்தது வெண்டைக்காய். அகர வரிசையில் முதலில் வருகிற பேராக வைக்காமல் போனோமே என்று தஸ்லிமா தன்னையே திட்டிக்கொண்டாள். அதை முதலில் எடுங்கள் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. "பைய போவட்டும், போயிரும்," என்று குமரவேல் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். புடலங்காயில் இரண்டு தரம் நின்றது. சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும்போது வெண்டைக்காய் தொடங்கியது. பாங்கு முடிந்தும் அது முடியவில்லை. டக் டக்கென்று விடாமல் அடித்துக்கொண்டு, ஒருவழியாகக் கடைசிக் கோடும் நிறைந்தது; அத்தோடு பழைய டிஸ்க்கு சுற்றுவதும் நின்றுபோனது.

குமரவேலையும் கணவரையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தஸ்லிமா அந்தப் படத்தை மட்டும் திறந்து பார்த்தாள். சபீதாவின் உம்மா சிரித்துக்கொண்டிருந்தார். தஸ்லிமா முகத்தைத் துடைத்துக்கொண்டு மானிட்டரை அணைத்து, அவர்களைக் கூப்பிட்டாள்.

குமரவேல் பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வாரண்டி இருக்குல்லாக்கா. பில்லு கூட வேண்டாம், கம்ப்யூட்டர் நம்பர வச்சே பதிஞ்சுட்டேன். இதுக்குப் பதிலு பெரிய டிஸ்க்கு புதுசா ஃப்ரீயா வந்துரும். இந்தப் பழசு மட்டும் நான் கொண்டு போவணும்."

தஸ்லிமா டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். "எங்க கொண்டு போவிய?"

"ஆபீஸ்ல குடுப்பேன். அங்கன இருந்து பெங்களூரு போவும்."

"அங்கன யாரு தொறப்பா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. தெரியும்னு சொன்னா பொய்யாயிரும்."

"உள்ள இருக்கத அழிச்சிட்டுக் குடுக்கலாம்லா?"

"அழிக்கணும்னா அது சுத்தணுமே. இனி சுத்தாது. ஆனா அவங்ககிட்ட மெஷினு இருக்கு, எடுக்கணும்னு நெனைச்சா எடுத்துருவாங்க. யாரும் மெனக்கெட மாட்டாங்கக்கா. ஆயிரக்கணக்குல வருது."

சல்மான் மெல்ல அருகில் வந்தார். "அந்தப் பெருசு வரும்னு நம்பித்தான தஸ்லி இந்தச் சின்னத வாங்குனோம். அது இப்பமே நெறைஞ்சு போச்சு. நோன்பு முடிஞ்சா வரிசையா கல்யாணம் வருது, எங்க கொண்டு வைப்ப? ரெண்டு வருசமா வாரண்டி வாரண்டின்னு எங்கள நிக்க விட்டியா, இருக்க விட்டியா."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.  பழசைக் கொடுக்காவிட்டால் புதுசு கிடையாது என்று குமரவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கும் இந்த அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, திருச்செந்தூர் ரோட்டில் இன்னொரு வீட்டில் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

தஸ்லிமா நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் போட்டிருந்த துப்பட்டாவின் நீண்ட முனையை இழுத்து, அந்த டிஸ்க்கை ஓரம்கூட வெளியே தெரியாமல் சுற்றினாள். பிறகு அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.