அண்ணாச்சி ஜெயித்த வெள்ளிக்கிழமை

சவூதி கோபார் நண்பர்களே, அந்த வெள்ளிக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். "அண்ணாச்சி மகள் ஜெயித்துவிட்டாள்" என்று போட்டவன் நான். சற்று நேரத்தில் "அண்ணாச்சி போய்விட்டார்" என்று போட்டவனும் நான். முதல் செய்தியை மட்டும் படித்தவர்கள் இரண்டாவதன் கீழே பூச்செண்டும் லட்டும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பட்டாசுப் படம் அனுப்பியவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். நேரில் கேட்டால் சொல்வேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவசுப்பு அண்ணாச்சி எங்கள் கம்பெனியில் ஏசி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், எனக்கு ரூம்மேட். அவர் மனைவி, எங்கள் மதனியும் மகள் கயலும் இங்கிலாந்தில். அங்கே பரோ கவுன்சில் தேர்தலில், நம்மூர் முனிசிபாலிட்டி மாதிரிதான், கயல் நின்றாள். அண்ணாச்சியோ வாழ்நாளில் ஓட்டே போட்டதில்லை. அவருடைய லீவும் ஊர்த் தேர்தலும் ஒருமுறைகூடச் சேர்ந்து வந்ததில்லை.

முதல் தடவை கயல் தோற்றாள். போனில் அவர் கேட்டது, "டெபாசிட்டாவது தப்பிச்சுதாம்மா?"

"அப்பா, இங்க கவுன்சிலுக்கு டெபாசிட்டே கெடையாது."

"அப்ப எதை வச்சு வேய் அசிங்கப்படுதாவ?" என்று என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை ஓட்டு எண்ணுன ஹால்ல தனியா நிக்காளாம். ஜெயிச்சவன் கைய குடுத்துட்டு போட்டோவுக்குப் போயிட்டானாம். தோத்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிரும்?"

அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் பங்கு மீனையும் நானே தின்றேன். துக்கம் வந்தால் எனக்குப் பசி அதிகம்.

இந்த முறை கயல் மறுபடி நின்றபோது அண்ணாச்சி நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கயல் புறப்பட்டு வருகிறேன் என்றதற்கு, "ஓட்டை எண்ணி முடியட்டும், பொறவு வா" என்றுவிட்டார். ரிசல்ட்டைக் கேட்கும்வரை இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கயல் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, ஜெயிச்சிட்டேன்ப்பா!"

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "தோத்தது யாரும்மா? அங்கனதான் நிக்காங்களா?"

"நிக்காங்கப்பா. வயசான அம்மா."

"முதல்ல அவங்ககிட்ட போய்ப் பேசு. பொறவு எனக்குப் பேசு. நான் இங்கனதான கெடக்கேன்."

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "கவுன்சிலரோட அப்பனுக்கு ஒரு டீ வாங்கித் தரமாட்டீரா வேய்?"

"டீ மாஃபி, கெடையாது. டாக்டர் திட்டுவாரு."

சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே மெஷின் கத்தியது. நர்ஸ்கள் ஓடி வந்து திரையை இழுத்து, என்னை வெளியே தள்ளினார்கள். பிறகு டாக்டர் வந்து என் தோளைத் தொட்டார்.

கயல் திரும்பக் கூப்பிட்டபோது நான் வராந்தாவில் நின்றேன்.

"சித்தப்பா, அப்பாட்ட குடுங்க. அந்தம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டாங்க. அப்பா சொல்லித்தான் வந்தேன்னு சொன்னேன். உங்க அப்பாவுக்கு என் நன்றியைச் சொல்லும்மான்னாங்க. குடுங்க சித்தப்பா, நானே சொல்லுதேன்."

ஊர் வம்பெல்லாம் பேசுகிற இந்த வாயால்தான், அப்பா போய்விட்டார் என்று அவளுக்குச் சொன்னேன்.

அண்ணாச்சி போன பிறகு என்னிடம் மிஞ்சியது, தோற்றுப்போன, முகம் தெரியாத அந்த அம்மாவின் நன்றிதான். அவருக்குச் சேரவேண்டியதை நான் வைத்திருக்கிறேன்.