பிக்கப் வண்டியின் கழுத்து

இந்த ஊரில் வண்டியை வாடகைக்குக் கேட்டால் வண்டியை மட்டும்தான் தருகிறார்கள். ஆள் வராது. நம் பொம்மிடியில் ஒரு டெம்போ பேசினால் டிரைவர் வருவார், சாமான் ஏற்றிக் கட்ட இன்னொருவர் வருவார், இருவருக்கும் டீயும் போண்டாவும் நம் செலவு. கயிறு எங்கே போட வேண்டும், பீரோவைப் படுக்க வைக்கலாமா என்பதெல்லாம் அவர்கள் கவலை. இங்கே அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எங்கள் சிற்றூரின் கடைசியில் இருக்கும் வாடகை யார்டில், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர்கள் மூக்கைத் தரையில் ஊன்றியபடி வரிசையாக நிற்கின்றன, மாடு அவிழ்த்துவிட்ட வண்டிகள் மாதிரி. போன வசந்தத்தில் அங்கே போய், "ஒரு காரை ஏற்றி வர வேண்டும், டிரைவர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டிரைவர் நீங்கள்தானே?" என்றாள். கையெழுத்து வாங்கினாள், நான் ஓட்டிப் போன வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியின் அளவைச் சரிபார்த்தாள், நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினாள். அவ்வளவுதான். இத்தனை பெரிய இரும்பை ஒரு அந்நியனிடம் நம்பிக் கொடுக்கிறார்களே என்று எனக்குத்தான் பயமாக இருந்தது.

எப்படியானாலும் அந்தக் காரை வீடு சேர்த்தே ஆக வேண்டும். என் மனைவி வளர்மதி நல்லம்பள்ளிக்காரி, ஊரில் நர்ஸாக இருந்தவள். என்னோடு இங்கே வந்த பிறகு, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் பல பனிக்காலங்களை ஜன்னல் வழியே பார்த்துக் கழித்தாள். அப்புறம் அனுமதி வந்தது, பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள். ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். வழியில் பஸ் என்ற பேச்சே கிடையாது. எங்களிடம் இருந்த ஒரே கார் எதிர்த்திசையில் பால்பவுடர் ஆலைக்கு என்னோடு போய்விடும். சொந்தமாக வந்து போக வழி இல்லையென்றால் இந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் தன்மையாகவே சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் தூரத்து ஊரில், கண்பார்வை மங்கிப்போன ஓர் ஆசிரியை தன் காரை விற்கிறார் என்று தெரிந்தது. நல்ல கார், தண்ணீர் பம்ப் மட்டும் போய்விட்டது. ஓட்டிக்கொண்டு வந்தால் எஞ்சின் வெந்துவிடும். பம்பை மாற்ற எனக்குத் தெரியும், தர்மபுரி பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் அந்த வேலை பார்த்துத்தான் வளர்ந்தேன். சனிக்கிழமை காரை ஏற்றி வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம். ஆலையில் கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் பிக்கப் வண்டியை, சாவியைத் தூக்கிப் போட்டு, எடுத்துப் போ என்று கொடுத்துவிட்டார்.

ஆசிரியையின் வீட்டு முன்னால் காரை ஸ்டார்ட் செய்து, பலகைச் சரிவில் ஏற்றி, டிரெய்லரின் முன்பகுதியில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கியிருக்கிறது. கொக்கி பாரத்தைத் தாங்கி முக்கிக்கொண்டு நிற்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் எங்கள் அப்பா இன்றைக்கும் டயர் வண்டியில்தான் கரும்பு ஏற்றுகிறார். ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். தூக்க முடிந்தால் மாட்டைப் பூட்டுவார். முடியாவிட்டால் எத்தனை கட்டு ஏற்றியிருந்தாலும் சரி, ஏறிப் பின்னால் தள்ளி அடுக்குவார். "பாரம் சக்கரத்து மேல இருக்கோணும், மாட்டுக் கழுத்து மேல இருக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவன் சும்மா இருப்பேனா? இரவல் வண்டி வேறு. காரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தினேன். பிக்கப் நிமிர்ந்தது. அப்பாடா என்று பட்டையால் சக்கரங்களை இறுக்கிக் கட்டினேன். கூட வந்திருந்த வளர்மதி மட்டும், "எல்லாரும் முன்னாலதாங்க வெச்சிட்டுப் போறாங்க, நான் ரோட்டுல பார்த்திருக்கறேன்" என்றாள். "அவங்களுக்கெல்லாம் பாவ புண்ணியம் தெரியாது" என்றேன், பெரிய ஞானி மாதிரி.

ஊர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் டிரெய்லர் லேசாக வால் ஆட்டியது. காற்று என்று நினைத்தேன். நெப்ராஸ்காவின் காற்றைப் பற்றி வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதுதான் பின்னால் ஒரு பெரிய லாரி நெருங்கி வந்து லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. தொப்பூர் கணவாயில் பின்னால் வருகிறவன் லைட் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வழி விடு. ஒதுங்க இடம் இல்லை, சரி, இவனுக்கு என்ன அவசரமோ என்று வேகத்தைக் கூட்டினேன். வேகம் ஏற ஏற டிரெய்லரின் ஆட்டமும் ஏறியது. பிக்கப்பின் பின்பக்கத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து அடித்தது. ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஏங்க, காலை எடுங்க! பிரேக்க மிதிக்காதீங்க, கால மட்டும் எடுங்கன்னு சொல்றன் இல்ல!" என்று வளர்மதி கத்தினாள். காலை எடுத்தேன். வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, ஆட்டம் அடங்கி, ஓரப் புல்லில் போய் நின்றது. இறங்கிப் பார்த்தேன். காருக்கு ஒரு கீறல் இல்லை. வளர்மதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. "திங்கக்கெழம போயிடுவனாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னால் வந்தது மாடுகள் ஏற்றிய வண்டி. எங்களோடு அதுவும் நின்றிருந்தது. தொப்பி வைத்த உயரமான மனிதர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து, "வழி விட முடியவில்லை, மன்னியுங்கள்" என்று நானே முந்திக்கொண்டேன். அவருக்குப் புரியவில்லை. அவர் லைட் அடித்தது, டிரெய்லர் ஆடுகிறது என்று என்னை எச்சரிக்கவாம். என் பக்கத்தில் வேறு வண்டி எதுவும் நெருங்காதபடி சாலையை மறித்துக்கொண்டுதான் இத்தனை தூரமும் வந்திருக்கிறார். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, காரை ஏன் இவ்வளவு பின்னால் வைத்தாய் என்று கேட்டார். என் ஆங்கிலத்தில் அப்பாவின் வண்டியை, நுகத்தடியை, ஒரு கையால் தூக்கிப் பார்ப்பதை, மாட்டின் கழுத்தைச் சொன்னேன். கழுத்து என்று சொல்லும்போது என் கழுத்தையே தொட்டுக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தன் வண்டிக்குள் நிற்கும் மாடுகளைக் காட்டி, "எங்கள் ஊரில் மாடு ஏறி வரும், வண்டிதான் இழுக்கும்" என்றார். வளர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பயத்துக்குப் பின் வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, இந்த வேகத்தில் இழுக்கிற வண்டிக்குக் கழுத்தில் பாரம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது முன்னால் போவதை ஆட்டிவைக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

காரை ஸ்டார்ட் செய்து முன்னால் நகர்த்தச் சொன்னார். பிக்கப் மறுபடி அமுங்கியது. பட்டைகளை என்னோடு சேர்ந்து அவரே இறுக்கினார். பிறகு, நாங்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வரை, மஞ்சள் விளக்கு மினுக்க மினுக்க எங்கள் பின்னாலேயே வந்தார். அவர் திரும்ப வேண்டிய இடம் எப்போதோ கடந்து போயிருந்தது என்று அவர் வந்த வழியே திரும்பிப் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. இந்த நாட்டைப் பற்றி ஊரில் யாராவது, அங்கே யாரும் யாரையும் கண்டுகொள்ள மாட்டார்களாமே என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதருக்கு நான் கடன்பட்டவன். நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பம்பை மாற்றிக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்டார், மருமகளுக்கு என்று கேட்டார். கழுத்தில் பாரம் வைத்துத்தான் இங்கே இழுக்க வேண்டுமாம் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"ஏங் கண்ணு, அந்த வண்டிக்குக் கழுத்து நோவாதா?"

"அது இரும்புங்கப்பா."

"இரும்புன்னாலும் இழுக்கறது அதுதான?" என்றார்.

பம்பை மாட்டி முடித்தேன். பம்ப் ஒழுகவில்லை. எஞ்சின் சூடேறாமல் ஓடியது. மாலையில் டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வளர்மதி தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். கொக்கியைக் கழற்றி டிரெய்லரின் மூக்கைத் தரையில் இறக்கியதும், பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. மாட்டை அவிழ்த்ததும் அப்பா நுகத்தடி பதிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துவிடுவார். என் கை நான் சொல்லாமலே போய், கொக்கிக்கு மேலே, பாரம் உட்கார்ந்திருந்த பம்பரைத் தேய்த்தது. யார்டுப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கிறாள் என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை.

வளர்மதி கார் கண்ணாடியை இறக்கினாள். "தவிட்டுத் தண்ணி காட்டிடலாங்களா?" என்றாள். பிறகு, "வாங்க, வூட்டுக்குப் போலாம். நாளைக்கு நான் வேலைக்குப் போவணும்" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்கத்தான் இத்தனை பனிக்காலம். வருகிறேன் என்று தலையாட்டினேன். பம்பர் வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு வண்டியில் ஏறினேன்.