முப்பத்து நாலில் நின்ற திரை

“…காலையில பத்து மணிக்கும் முப்பத்தி நாலு. இப்ப வெயிலு மண்டையப் பொளக்குது, இப்பவும் முப்பத்தி நாலா? எந்த ஊருல தம்பி இப்பிடி வெயிலடிக்கும்?” என்றார் போர்மேன் அக்கா.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் அறை அது. மருந்து கலக்கும் அறைகளில் எது அதிகச் சூடோ அதன் வெப்ப எண்ணைத் திரையில் காட்ட வேண்டும், எல்லை மீறினால் மணியடிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். யாரும் சொல்லித்தந்ததில்லை. லினக்ஸின் மையப் புரோகிராமான கர்னலில் கொஞ்சத்தை விருதுநகர் பிரவுசிங் சென்டரில் தாளில் அச்செடுத்து, ஆமத்தூர் தாண்டும்வரை பஸ்ஸில் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டால், பிராசஸர் அந்த வரியிலேயே நின்று கர்னலைக் கூப்பிடும். கர்னல் விசாரித்துவிட்டு ஒரு சிக்னல் அனுப்பும், புரோகிராம் செத்துப்போகும். என்னுடையது அடிக்கடி செத்தது. “ஏலே, இன்னொரு தடவ படுத்துச்சுன்னா இதப் பரணுல ஏத்திருவேன்” என்றார் முதலாளி. பயந்துபோனேன். தப்பைத் தேடாமல், சிக்னலைப் பிடித்து ‘சரி, வேலையைப் பார்’ என்று புரோகிராமைத் திருப்பி அனுப்ப முந்தின நாள்தான் நாலு வரி சேர்த்தேன். அதன்பிறகு சாகவேயில்லை. முதலாளி டீ வாங்கித் தந்தார்.

இப்போது கீபோர்டைத் தட்டினேன். அசைவில்லை. திருப்பி அனுப்பினால் புரோகிராம் எங்கே போகும்? நின்ற அதே வரிக்குத்தான். மறுபடி அதே இடத்தைத் தொடும், அதே சிக்னல் வரும், மறுபடி அதே வரி. காலையிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தது, நொடிக்கு எத்தனையோ ஆயிரம் முறை; திரையில் பழைய எண் அப்படியே நின்றுவிட்டது.

“மணி அடிக்குமா?”

“அடிக்காதுக்கா. அதுவும் இதுக்குள்ளதான் இருக்கு.”

“அப்ப செத்துருச்சுன்னு சொல்லுங்க.”

“சாகல. சாகவிடாம நான்தான் பண்ணி வச்சேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செத்திருந்தாலாச்சும் உங்களக் கூப்பிட்டு விட்டிருப்போம். இது முழிச்சுக்கிட்டே பொய் சொல்லியிருக்கே தம்பி. இத நம்பில்ல பத்துப் பொம்பளைக உள்ள உக்காந்திருக்காக.”

மனிதர்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதைக் குறிக்க இன்றுவரை கை வரவில்லை.

“ஒரு வாரத்துல சரி பண்ணிருவேங்க்கா” என்றேன். தப்பு எந்த வரியில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. சரிபண்ணினாலும் என் புரோகிராம் காட்டும் எண்ணை இனி யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

அக்கா கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தார். வாசலுக்குப் போய், “ஏ, மருந்துலருந்து கைய எடுத்துட்டு எல்லாரும் வெளிய வாங்க!” என்று குரல் கொடுத்தார். கடைசிப் பெண்ணும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும், மருந்தறைப் பக்கம் போகும் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் அறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு அடுத்த அறைக்கு நடந்தார்.